சிரிப்பு வந்த இடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் சிற்றம்பலத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பெரிய வக்கீல் என்பதால் அல்ல. பெரிய வழக்கு எதுவும் அவரிடம் வந்ததில்லை. புதுக் கல்யாணச் சட்டம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. பிரிந்து போக வேண்டும் என்று கோர்ட்டுக்கு வருகிற புருஷன் பெண்டாட்டியை முதலில் சேர்த்துவைக்கப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. சப்-ஜட்ஜ் அப்படிப்பட்டவர்களை, "சிற்றம்பலத்துகிட்டப் போய் உட்கார்ந்து பேசிட்டு வாங்க" என்று அனுப்பி வைப்பார்.

சிற்றம்பலத்துக்கு அந்த வேலை நன்றாக வந்தது. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைப்பார். முறைத்துக்கொண்டிருப்பவர்களை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒரு தடவை சேர்ந்து சிரித்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது என்பது அவர் கட்சி. பலர் அவர் அறையிலிருந்து நேராக பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சேர்த்துவைக்கிற வக்கீல் என்று ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. நாடகம். மச்சான் கோவிந்தசாமியோடு சேர்ந்து கெடிலம் நாடக மன்றம் என்று ஒன்று நடத்திவந்தார். புராண நாடகம் போட்டால் கிரீடம், ஜரிகைத் துணி, பத்து இருபது ஆள் என்று செலவு ஜாஸ்தி. மூன்று பேர், மூன்று நாற்காலி, ஒரு மேசை, இவ்வளவில் முடிகிற மாதிரி ஒரு நாடகம் எழுதினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. புருஷன், பெண்டாட்டி, சமரசம் செய்யும் வக்கீல். ‘ரெண்டு பேரும் உட்காருங்க’ என்று தலைப்பு வைத்தார். சண்டைக்கான வசனத்துக்கு அவர் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. அறையில் கேட்டதெல்லாம் காதிலேயே இருந்தது. பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்தார்.

எழுதி முடித்ததும் மனைவி மங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினார். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டவள், ஓர் இடத்தில் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்த இடம் இதுதான். மேடையில் மனைவி சொல்வாள்: "இவரு மாட்டுக்குச் சரோஜான்னு பேரு வச்சிருக்காரு சார். சரோஜா, சரோஜான்னு கொஞ்சிக்கிட்டே வருவாரு. என்னை மட்டும் ‘இந்தா’ன்னு கூப்பிடறாரு." அதற்கு வக்கீல், "சரோஜா தினம் நாலு படி பால் குடுக்குது. நீங்க என்னம்மா குடுத்தீங்க?" என்பார். உடனே புருஷன், "வக்கீல் நோட்டீஸ் குடுத்தா சார்" என்பான்.

"யாராவது நெசமாவே இப்படிச் சொன்னாங்களா?" என்று மங்கம்மா கேட்டாள்.

"எல்லாம் கற்பனைதான்" என்றார் சிற்றம்பலம்.

கற்பனை இல்லை. போன வருஷம் முதுநகரிலிருந்து தங்கராசு என்று ஒருவனும் அவன் மனைவி தில்லையம்மாளும் அவர் அறைக்கு வந்திருந்தார்கள். தங்கராசு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்தான். நல்ல உயரம். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்தவன், வந்த பிறகும் குனிந்தபடியே இருந்தான். தில்லையம்மாள் சிதம்பரத்துப் பெண். அண்ணன் சொல்லிக் கொடுத்து, பிரிந்திருக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தாள்.

"அடிக்கிறானாம்மா?" என்று சிற்றம்பலம் கேட்டார்.

"இல்லீங்க."

"குடிக்கிறானா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பின்னே என்னா?"

"கூப்பிட மாட்டேங்கறாருங்க."

அவருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "சோறு வேணும்னா இருமறாரு. கதவு தொறக்கணும்னா சங்கிலிய ஆட்டறாரு. ரொம்ப அவசரம்னா ‘இந்தா’ம்பாரு. மாட்டுக்குச் சரோசான்னு பேரு வச்சிருக்காரு. வேலை உட்டு வரும்போதே சரோசா சரோசான்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் வருவாரு. அத்தக் கூப்பிடறதுக்கு ஒரு பேரு இருக்குது. என்னக் கூப்பிடறதுக்கு இல்லீங்க."

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடக்கினார். என்ன அருமையாகச் சொல்கிறாள் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட. அவர் திரும்பியபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் ‘குப்பு அம்மா’ன்னு கூப்பிடுவாரு. எங்க பொண்ணு. மொத ரெண்டும் தங்கல. மூணாவதா இவ பொறந்ததும் குப்பையில போட்டு எடுத்துக் குப்புன்னு பேரு வச்சோம். நாலு வயசு வரைக்கும் இருந்தா. காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கப்புறந்தான் இவரு என்னக் கூப்பிடறதில்ல."

சிற்றம்பலம் தலையை ஆட்டினார். பிறகு தங்கராசுவைப் பார்த்து, "பேர் சொல்லிக் கூப்பிடேம்பா. தில்லைன்னு கூப்பிடு. எவ்வளவு அழகான பேரு" என்றார். தங்கராசு காது சிவக்க, "சரிங்க ஐயா" என்றான். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒரு குடும்பம் சேர்ந்தது என்று அவர் திருப்திப்பட்டார்.

நாடகம் எழுதும்போது மாடு ஞாபகம் வந்தது. குழந்தை வரவில்லை. வேண்டுமென்று விட்டதாகக்கூட அவர் நினைக்கவில்லை. சிரிப்பு நாடகம் எழுதுகிறவன் கைக்கு எது வருமோ அது வந்தது.

அந்த நாடகம் முதல் தடவையாக முதுநகர் ரயில்வேக்காரர்கள் விழாவில் நடந்தது. கூப்பிட வந்தபோது, தங்கராசு அங்கேதானே வேலை செய்கிறான் என்ற நினைப்பு ஒரு கணம் சிற்றம்பலத்துக்கு வந்தது. மூட்டை தூக்குகிறவன் நாடகத்துக்கு எங்கே வரப்போகிறான் என்று அதை ஒதுக்கிவிட்டார். வக்கீல் வேஷம் அவருக்கே. புருஷன் கோவிந்தசாமி. மனைவி வேஷத்துக்குப் புதுச்சேரியிலிருந்து அமிர்தம் என்ற நடிகையைக் கூலி பேசி வரவழைத்திருந்தார்கள். முப்பது வயதுக்காரி. ஒரு தடவை சொன்னால் வசனத்தைப் பிடித்துக்கொள்வாள்.

கூட்டம் நிறைந்திருந்தது. முதல் கால்மணியிலேயே நாடகம் நன்றாகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. சிற்றம்பலம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையைச் சொறிந்து, கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு சிரிப்பையும் முழுசாக வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். அமிர்தம் சரோஜா வசனத்தைச் சொன்னாள். அவர், "நீங்க என்னம்மா குடுத்தீங்க?" என்றார். கோவிந்தசாமி நோட்டீஸைச் சொன்னான். கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தபோது, மேடை வெளிச்சம் விழுந்த மூன்றாவது வரிசையில் தங்கராசுவின் முகம் தெரிந்தது.

அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றி இருந்த கூட்ஸ் ஷெட் ஆட்கள் தொடையைத் தட்டிச் சிரிக்க, அவனும் வாயைத் திறந்து சிரித்தான். பிறகு ஏதோ புரிந்தவன் போல வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் திரும்பினான். பக்கத்தில் தில்லையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வசனம் சிற்றம்பலத்துக்கு மறந்துபோனது. கோவிந்தசாமி எடுத்துக்கொடுத்தான். அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார். எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

நாடகம் முடிந்து, மேடைக்குப் பின்னால் அமிர்தம் தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கராசு குனிந்து உள்ளே வந்தான். பின்னால் தில்லையம்மாள்.

"வணக்கம் ஐயா. நல்லா இருந்துது" என்றான்.

அதைச் சொல்ல வேண்டும் என்பதால் சொன்னான். சிற்றம்பலம், "வாப்பா, வாம்மா" என்றார். தில்லையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. நேராக அமிர்தத்திடம் போனாள்.

"நல்லா பேசினீங்க" என்றாள். "குப்புவத்தான் உட்டுட்டீங்க."

"யாரும்மா குப்பு?" என்று அமிர்தம் கேட்டாள்.

"எம் பொண்ணு."

அமிர்தத்தின் கை நின்றுவிட்டது. பாதி பவுடரும் பாதி எண்ணெயுமாக அவள் சிற்றம்பலத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் தங்கராசு, "வா, நேரமாச்சு" என்று எந்தப் பெயரும் இல்லாமல் சொன்னான். இருவரும் போய்விட்டார்கள்.

"அவுங்க சொன்னதைத்தான் நான் சொன்னேனா சார்?" என்று அமிர்தம் கேட்டாள். சிற்றம்பலம் அங்கவஸ்திரத்தை மடிக்க ஆரம்பித்தார்.

அதே நாடகம் அடுத்ததாகச் சிதம்பரத்தில். அங்கே ஒரு மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழா. கடலூரிலிருந்து சப்-ஜட்ஜ் தலைமை தாங்க வருகிறார். மூன்று வாரம் இருந்தது. சிற்றம்பலம் கோவிந்தசாமியைக் கூப்பிட்டு, "அந்த மாட்டு வசனத்தை எடுத்துடலாம்பா" என்றார்.

"என்னா மாமா நீங்க? அந்த எடத்துலதான் நாடகமே நிக்குது. ஜட்ஜ் வராரு. சிதம்பரத்துல இவுங்க ரெண்டு பேரும் எங்க இருக்கப்போறாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. "பார்க்கலாம்" என்றார். சொன்ன பிறகுதான், இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டோமே என்று அவருக்கே கூசியது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கவும் இல்லை.

பதினைந்து நாள் போல ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் தங்கராசு தனியாக வந்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"அது ஊருக்குப் போயிருக்குதுங்க. சிதம்பரத்துக்கு, அண்ணன் வூட்டுக்கு. ரெண்டு நாள்ல வரேன்னு போச்சு. வரல."

"சண்டை போட்டீங்களா?"

"இல்லீங்க. ஷெட்டுல எல்லாம் எங்க மாட்டு பேரு தெரியும். நாடகம் பார்த்துட்டு வந்து, சரோசா எப்பிடிக் கீது, எவ்ளோ குடுத்துதுன்னு கேக்கறானுங்க. தண்ணி எடுக்கப் போற எடத்துல பொம்பளைங்க அதுகிட்டயும் கேட்டிருக்காங்க. நீ என்னாடி குடுத்தன்னு. வெளயாட்டுக்குத்தான். அது வந்து மொகத்தக் கழுவிக்கிட்டு, ஊருக்குப் போறேன்னுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "ஐயா ஒரு தபா வந்து பேசணும். அன்னிக்கும் ஐயா பேசித்தானே வந்துச்சு."

சிற்றம்பலம் அவன் முகத்தைப் பார்த்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவன் நம்பிக்கையோடு வந்திருந்தான். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"சனிக்கிழமை நான் சிதம்பரம் போறேன். நீயும் வா" என்றார்.

எதற்காகப் போகிறார் என்று தங்கராசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை முதுநகர் ஜங்ஷனில், நாடகத் தட்டுமுட்டுப் பெட்டியோடு கோவிந்தசாமியும் அமிர்தமும் நிற்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். பாசஞ்சர் வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வோர் இடமாக நின்று போயிற்று. கோவிந்தசாமி வசனம் பார்க்கலாமா என்று தாளை எடுத்தான். அமிர்தம் கண்ணால் வேண்டாம் என்றாள். பரங்கிப்பேட்டைப் பாலம் தாண்டும்வரை நால்வரும் ஆற்றையும் உப்பங்கழியையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

தில்லையம்மாளின் அண்ணன் வீடு ஓமக்குளத்துக்குப் பக்கத்தில். அண்ணன் சைக்கிள் கடைக்குப் போயிருந்தான். அண்ணி இரண்டு ஸ்டூல்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். தில்லையம்மாள் சுவரோரம் நின்றாள். தங்கராசு கதவருகில் நின்றான். இப்படிப்பட்ட நேரத்தில், ‘ரெண்டு பேரும் உட்காருங்க’ என்றுதான் சிற்றம்பலம் ஆரம்பிப்பார். நாக்கு நுனிவரை வந்த அதை விழுங்கினார்.

"கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்தாங்களா?" என்று தில்லையம்மாள் கணவனைக் கேட்காமல் பொதுவாகக் கேட்டாள்.

"அவன்மேல கோபமாம்மா?" என்றார்.

"கோவம் என்னாங்க. அத்தினி பேரு சிரிச்சாங்க. அது ஊரு, சிரிக்கும். இவரும் சிரிச்சாரு."

தங்கராசு தரையைப் பார்த்தபடி, "சிரிச்சேந்தான்" என்றான். "எல்லாரும் சிரிக்கறாங்கன்னு சிரிச்சிட்டேன். அப்புறந்தான் அது நம்ம வூட்டுப் பேச்சுன்னு தெரிஞ்சுது."

சிற்றம்பலத்துக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். "அவனைச் சொல்லாதேம்மா. சிரிக்கறதுக்கு எடம் வச்சு எழுதினவன் நான். எல்லாருக்கும் முன்னால சிரிச்சவனும் நான்தான். அன்னிக்கு நீ என் அறையில சொன்னியே, அப்பவே சிரிச்சேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"தெரியுங்க" என்றாள் தில்லையம்மாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

"சன்னல் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்துது. அதுல உங்க மூஞ்சி தெரிஞ்சுது." அவள் குரல் உயரவில்லை. "சிரிச்சிட்டுப் போவட்டும், நல்லது பண்றவரு தானேன்னு இருந்தேன். அப்புறம் குப்புவப் பத்தி சொன்னேன். தலைய ஆட்டினீங்க. கேட்டுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். எங்க தெருவுல அவளப் பத்தி ஒருத்தரும் பேசறதில்லீங்க. ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டோம்னு இருந்துது. நாடகத்துல பார்த்தா, மாடு இருக்குது. அவ இல்ல."

இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் தன் எதிரே உட்கார்ந்து, தான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்களோ என்று நினைத்தபோது, அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. "தப்பும்மா" என்றார். அவருக்கே அது போதாது என்று தெரிந்தது.

சமாதானம் என்று அவர் எதுவும் பேசவில்லை. பேசத் தகுதியில்லை என்று நின்றுகொண்டிருந்தார். தங்கராசுவே பேசினான்.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நீ அழுவ. அதான் கூப்பிடல. வேற பேரு வாயில வரல. ஐயா சொன்னாப்பல கூப்பிட்டுப் பார்த்தேன், ஷெட்டுல தனியா நின்னு. யாரோ ஒரு பொம்பளையக் கூப்பிடறாப்பல இருந்துது."

தில்லையம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுக்குள் அவர்கள் வந்த பிறகு அவள் அவனைப் பார்த்தது அப்போதுதான்.

"அழுதா அழுதுட்டுப் போறேன்" என்றாள். "நீங்க இருமறதக் கேட்டுக்கிட்டு இருக்கறதுக்கு அது தேவல."

அவன் ஏதோ சொல்ல வந்து, சிற்றம்பலம் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தான் அங்கே அதிகப்படி என்று அவருக்குத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலுக்கு வந்தபோது தில்லையம்மாள் கேட்டாள்.

"இன்னிக்கு இங்கயும் ஆடறீங்களாமே?"

"அந்தப் பேச்சு இருக்காதும்மா."

"எடுத்தா எடுத்துடுங்க. வச்சா அவளையும் சேர்த்து வைங்க. பாதி வேணாம்."

விழா நடக்கும் மன்றத்துக்குப் போனதும் சிற்றம்பலம் கோவிந்தசாமியையும் அமிர்தத்தையும் கூப்பிட்டு, மாட்டு வசனம் கிடையாது, அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்றார். இந்தத் தடவை ‘பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை. கோவிந்தசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அமிர்தம், "அந்தம்மா என்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னார். கேட்டுக்கொண்டு மை தீட்டப் போனாள்.

சாயங்காலம் ஆறரைக்குத் திரை தூக்கினார்கள். முன் வரிசையில் சப்-ஜட்ஜ், பக்கத்தில் காலேஜ் ஆசிரியர்கள், வர்த்தகர்கள். படித்த கூட்டம், சுலபத்தில் சிரிக்கவில்லை. முதுநகரில் குலுங்கிய இடங்களில் இங்கே புன்னகைதான். சிற்றம்பலத்தின் நடிப்பிலும் உயிர் இல்லை. தலையைச் சொறிவதும் கண்ணாடியைத் துடைப்பதும் தனக்கே அசிங்கமாகப் பட்டது. வெட்டிய இடம் வந்தது. அமிர்தம் தாண்டிப் போனாள். ஜட்ஜ் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேச ஆரம்பித்ததைக் கோவிந்தசாமி பார்த்துவிட்டான். நாடகம் கையைவிட்டுப் போகிறது என்று அவனுக்குப் பதற்றம்.

"சார், எங்க வீட்டு மாட்டுக்குச் சரோஜான்னு பேரு சார்" என்று தானாகவே எடுத்துவிட்டான். "அதைப் பேர் சொல்லிக் கூப்பிடறேனாம். இவளை ‘இந்தா’ங்கறேனாம். இது ஒரு கேஸா சார்?"

கூட்டம் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது. ஜட்ஜும் திரும்பிச் சிரித்தார். இப்போது வக்கீல், ‘நீங்க என்னம்மா குடுத்தீங்க?’ என்று கேட்க வேண்டும். கோவிந்தசாமி கண்ணால் தூண்டினான். சிற்றம்பலம் அமிர்தத்தைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு சார்" என்றாள் அமிர்தம். அழுகையில்லாமல், பக்கத்து வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னாள். "குப்புன்னு பேரு. அவ இருந்த வரைக்கும் குப்பு அம்மான்னுதான் கூப்பிடுவாரு. அவ போயிட்டா. அதோட என்னைக் கூப்பிடறதும் போயிடுச்சு."

சிரிப்பு நின்றது. எல்லோரும் வக்கீல் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். சிற்றம்பலத்துக்கு எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, நீங்க இதைச் சொன்னப்ப நான் சிரிச்சேன்" என்றார்.

அவர் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தைகளில் அதைப் போல உண்மையானது வேறில்லை. குரல் உடைந்திருந்தது. கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். அதைத் தொட்டு இன்னொருவர். இறுக்கம் விட்டதில் எல்லோருக்கும் சந்தோஷம் போல, சிரிப்பு முன்வரிசைவரை வந்து சேர்ந்தது. கோவிந்தசாமி அந்த அலையிலேயே, "இவ எனக்கு நோட்டீஸ் குடுத்தப்போ நானும் சிரிச்சேன் சார்" என்று சேர்த்துவிட்டான். கைதட்டல் எழுந்தது. நாடகம் பிழைத்துக்கொண்டது. சிற்றம்பலம் உட்கார்ந்தார். மீதியை எப்படி ஆடி முடித்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

முடிந்ததும் சப்-ஜட்ஜ் மேடைக்கு வந்து மாலை போட்டார். "நடுவிலே அந்தக் குழந்தை சமாசாரம் கொஞ்சம் கனமாப் போச்சு. ஆனா நீர் சட்டுனு எழுந்து சிரிச்சேன்னீரே, அங்கேதான் தூக்கி நிறுத்தினீர். இனிமே எல்லா ஜோடியையும் உம்மகிட்டயே அனுப்பறேன்."

"அனுப்பாதீங்க சார்" என்றார் சிற்றம்பலம். "எனக்கு அந்த யோக்கியதை இல்லை."

ஜட்ஜ் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிவிட்டுப் போனார். அமிர்தம் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே, "நான் பேசியிருக்கக்கூடாதா சார்?" என்று கேட்டாள். "உன்மேல தப்பில்ல. நீ சரியாத்தான் பேசினே" என்றார்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் மங்கம்மா நாடகம் எப்படி என்று கேட்டாள். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கற்பனை என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னார்.

"அப்போ அன்னிக்கு நான் சிரிச்சது அந்தப் பொண்ணைப் பார்த்தா?" என்றாள் மங்கம்மா.

"உனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என்னைச் சிரிக்க வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க." எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த நாடகத்தைப் பிறகு அவர்கள் போடவில்லை. இரண்டு ஊர்க்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கோவிந்தசாமிக்கு மனஸ்தாபம். சில மாதம் மன்றத்துக்கே வராமல் இருந்தான். ஜட்ஜ் சொன்னபடியே ஜோடிகளை அனுப்பினார். முதலில் வந்தவர்களை முடியாது என்று சிற்றம்பலம் திருப்பி அனுப்பினார். அவர்கள் வேறு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே கூப்பிட்டார். ஆனால் பழைய மாதிரி வேடிக்கை பேச அவருக்கு வரவில்லை. பேசுகிறவர் முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பைவிடக் குறைவானவர்கள்தான் சேர்ந்து போனார்கள். சிற்றம்பலத்துக்கு வயசாகிவிட்டது, பழைய சாமர்த்தியம் இல்லை என்று கோர்ட்டில் பேசிக்கொண்டார்கள்.

தில்லையம்மாள் அந்த வாரமே முதுநகருக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டார். ஒரு தடவை ஒரு வழக்கு விஷயமாக ஜங்ஷனுக்குப் போனபோது, கூட்ஸ் ஷெட் வாசலில் அவள் கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. தெரிந்தவரைப் பார்த்தால் தலையசைப்பது போல அசைத்தாள். அவர் கைகூப்பினார். அருகே போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கிற உரிமையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை என்று பட்டது. வெயிலில் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.